இரவல் ரேம்

போன வருடம், தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று பிடித்திருந்த நாட்களில் ஒரு காலை, மன்னார் பஸ் நிலையத்தில் ஒரு கழுதை என் கையிலிருந்த பெட்டியைக் கடித்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே நடந்தது. அன்றைக்கு அந்தக் கழுதை வராமல் இருந்திருந்தால் என் வீட்டு நிலைமை இன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ தெரியாது.

நான் பஸ்ஸில் எங்கும் போவதற்காக நிற்கவில்லை. கொழும்பு பஸ் கண்டக்டரிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்துவிடக் காத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கருவாட்டிலிருந்து கலியாணச் சேலை வரைக்கும் இப்படித்தான் போய் வரும். கண்டக்டரிடம் கொடுத்து, எடுக்க வருகிறவரின் தொலைபேசி இலக்கத்தையும் சொல்லிவிட்டால் போதும். பஸ் வரச் சுணங்கியதால் பெட்டியைச் சீமெந்துக் கட்டின் மேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கழுதை பெட்டியின் மூலையை வாயில் கவ்விக்கொண்டு நடக்கிறது. எங்கள் ஊர்க் கழுதைகளுக்கு அட்டைப்பெட்டி என்றால் அவ்வளவு ருசி. நான் ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுக்க, பெட்டி கிழிந்து உள்ளே இருந்த சாமான் வெளியே எட்டிப் பார்த்தது.

அது ஒரு கணினியின் மதர்போர்ட், உள்ளே மற்றத் துண்டுகளை எல்லாம் பூட்டுகிற பெரிய பலகை. நண்டுக் கம்பனியில் நண்டுச் சதை எடுக்கிற எனக்கு மதர்போர்ட்டுடன் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டுக் கழுதையிடம் திரும்பி வருகிறேன்.

என் வீட்டுக்காரர் கடற்றொழில் செய்தவர். சில வருடங்களுக்கு முன் வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது அது சரிந்து அவருடைய காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. செயற்கைக் கால் ஒன்று கிடைத்தது. போட்டுப் பார்த்தார், கடிக்கிறது என்றார், கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். அதோடு அவர் எங்கள் வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை. கோயிலுக்கும் இல்லை, கடற்கரைக்கும் இல்லை, ஒரு செத்தவீட்டுக்குக்கூட இல்லை. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். அரிசி கொண்டுவந்தார்கள், ஊன்றுகோல் கொண்டுவந்தார்கள், பழம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் போன பிறகு அவர் இன்னும் கொஞ்சம் சிறுத்துப்போனது போல எனக்குத் தெரியும். கடைசியில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டாலே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளத் தொடங்கினார்.

அந்த மனிதரைத் திரும்ப எழுப்பி உட்கார வைத்தது ஒரு பழைய கணினி. வெளிநாடு போன அவருடைய அக்காவின் மகன் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன சாமான் அது. அதைத் தட்டித் தட்டிப் பழகி, ஊரில் வீடியோ எடுக்கிற ஒருவருக்காகக் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே இருந்து அவருடைய விமர்சனம் கேட்கும். "இஞ்ச வந்து பாரப்பா, மாப்பிள்ளை நிக்கிற நிலைய. ஆரோ பிடிச்சுக் கட்டி வச்ச மாதிரி!" ஊர்க் கலியாணம் எல்லாம் வீட்டுக்குள் இருந்தே பார்த்தார், ஒன்றுக்கும் போகவில்லை. ஆனாலும் என் மனிசன் வாய் விட்டுச் சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகுதான் சோளகம் வந்தது. கடலில் இருந்து வருகிற உப்புக் காற்று எங்கள் ஊரில் ஆணி, சைக்கிள் செயின், மின்விசிறி ஒன்றையும் விட்டு வைக்காது. ஒருநாள் கணினித் திரை கறுத்ததுதான், பிறகு வெளிக்கவில்லை. திருத்துகிறவர் திறந்து பார்த்துவிட்டு மதர்போர்ட்டை உப்புத் தின்றுவிட்டது, இந்தப் பழைய வகை இனிக் கிடைக்காது, வேறு போட வேண்டும் என்றார். என் மனிசன் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "பிறகு" என்பார். அந்தப் "பிறகு" என்ற சொல்லைக் கேட்டு எனக்கு வந்த பயத்தை என்னால் சொல்ல முடியாது. முதல் முறை அவர் அப்படிப் படுத்தபோது எழும்ப எவ்வளவு காலம் எடுத்தது என்று எனக்குத்தானே தெரியும்.

கொழும்பில் வேலை செய்கிற என் சித்தியின் மகனைப் பிடித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பிடித்தால் விடமாட்டேன். எங்கள் கணினிப் பெட்டிக்குள் அடங்குமா, திரையின் வயர் செருக இடம் இருக்கிறதா, நல்ல கடையா, எல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். அவனும் ஒன்று கேட்டான். "அக்கா, ரேம் இருக்குத்தானே?" நான் சொன்னேன், "ஓம், பழசு ரெண்டு இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு." அத்தோடு முடிந்தது. என்ன ரேம் என்று அவனும் கேட்கவில்லை, ரேமில் வகை இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. கணினி வேலை செய்யும்போது கையில் உள்ள வேலையை வைத்துக்கொள்கிற ஒரு சின்னப் பலகைத் துண்டு அது, ஒரு மிதியடியின் நீளம்கூட இல்லை. அதற்குள் என்ன சாதி வித்தியாசம் இருக்கப் போகிறது என்ற நினைப்பு.

மதர்போர்ட், அதற்கேற்ற பிராசசரும் பூட்டியபடி, பஸ்ஸில் வந்து இறங்கியது. வீட்டுக்காரர் எழும்பி உட்கார்ந்தார். திருத்துகிறவரைக் கூப்பிடவில்லை, நானே பூட்டுவன் என்றார். எனக்குச் சந்தோஷம். எல்லாத் திருகாணியும் பூட்டி முடித்து, ரேமைச் செருகப் போனால், அது இருக்கமாட்டேன் என்றது. ரேமின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், செருகுகிற இடத்தில் அதற்குப் பொருத்தமாக ஒரு சின்ன மேடு இருக்கும். வெட்டு ஓரிடம், மேடு வேறோரிடம்.

இந்த இடத்தில் வேறு ஊர் ஆட்கள் யாராவது இருந்தால் என்ன செய்திருப்பார்களோ. என் மனிசன் எஞ்சின் சாமான் வைத்திருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து அரத்தை எடுத்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். யுத்த காலத்தில் ஒரு சாமானும் இந்தப் பக்கம் வராது. வள்ளத்து எஞ்சினில் ஒன்று உடைந்தால் வேறொரு எஞ்சினின் துண்டை எடுத்து, அரத்தால் ராவி, தட்டி, வளைத்துப் பொருத்திவிடுவார்கள். அப்படிப் பொருத்திக் கடலுக்குப் போய் மீனோடு திரும்பி வந்த தலைமுறை அது. பொருந்தாத சாமான் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. நானும் என்ன செய்தேன் என்கிறீர்கள்? பக்கத்தில் இருந்து கைத்தொலைபேசி வெளிச்சம் பிடித்தேன். "கொஞ்சம் இடப்பக்கமா ராவுங்கோ" என்று ஆலோசனையும் சொன்னேன்.

ராவ ராவ, ரேமின் விளிம்பில் இருந்த பொன்னிறப் பற்களில் ஒன்று உரிந்து அவருடைய மடியில் விழுந்தது. அவர் கையை நிறுத்தினார். அந்தப் பொன் துகளை விரல் நுனியில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அரத்தைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "இதைத் திருப்பி அனுப்பு. எனக்கு இனி ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

மறுநாள்தான் நான் பஸ் நிலையத்தில் நின்றது. இப்போது கழுதைக்கு வருகிறேன்.

நான் கழுதையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க, அபாயா போட்ட ஒரு பிள்ளை குடையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தாள். என்னைவிட ஒரு பத்து வயது இளமையாக இருக்கலாம். "ஏய்! விடு! சூ!" என்று குடையால் அதன் முதுகில் ஒன்று போட்டாள். கழுதை அட்டையில் தன் பங்கைக் கிழித்துக்கொண்டு ஆறுதலாக நடந்து போனது. அவள் குனிந்து மதர்போர்ட்டை எடுத்து, தூசு தட்டி, திருப்பிப் பார்த்தாள்.

"மதர்போட் புதுசாட்டம் இருக்கே. ஏன் அக்கா அனுப்புறீங்க?"

"பிழையான சாமான் தங்கச்சி. ரேம் அதில பொருந்துதில்ல."

"எந்த ரேம்? காட்டுங்கோ பாப்பம்."

பழைய ரேம் இரண்டையும் சித்தியின் மகனுக்குக் காட்டுவதற்காகப் பெட்டிக்குள்ளேயே போட்டிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். ராவின ரேமைப் பார்த்ததும் அவளுடைய கண் பெரிதானது. "அல்லாஹ்வே, இதென்ன, எலி அரிச்சதா?" நான் உண்மையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பார்க்க எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நல்ல காலம் அக்கா, இதைப் போட்டுக் கரண்ட் குடுக்காம விட்டீங்க. போட்டிருந்தா மதர்போட்டும் கருகியிருக்கும்" என்றாள்.

மதர்போர்ட்டில் ரேம் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினாள். டிடிஆர் நான்கு. பழைய ரேமில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். டிடிஆர் மூன்று. மதர்போர்ட் வாங்க முதல் இந்த இரண்டையும் ஒத்துப் பார்த்திருந்தால் போதும், போர்டில் பிழை இல்லை, ரேம்தான் வேறு வகை என்றாள். வெட்டை வேறு வேறு இடத்தில் வைத்திருப்பதே ஒருவரும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தானாம். நாங்கள் அதைத்தான் அரம் போட்டுத் திருத்தப் பார்த்திருக்கிறோம்!

"நானும் இதே வேலை பாத்தனான் அக்கா. அரம்தான் எடுக்கேல்ல. பிழையா வாங்கின ரேம் இன்னும் என்ட மேசை லாச்சிக்குள்ள கிடக்கு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் வீடு பக்கத்தில் தாராபுரத்தில்தான் என்று சொல்லி, வரச் சொன்னாள். புது ரேம் வாங்குவதற்கு முதல் சரியான ஒன்றைப் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் பிழையாகிவிடும் என்றாள்.

பெட்டியைக் கொழும்புக்கு அனுப்பாமல், முன்பின் தெரியாத ஒருத்தியோடு ஓட்டோவில் ஏறினேன். எனக்கே என்னை நினைக்க ஆச்சரியமாக இருந்தது.

அவள் உடுப்புகளுக்கு மெஷினில் பூ வேலை செய்து கொடுக்கிறவள். பூவைக் கணினியில் கீறித்தான் மெஷினுக்குக் கொடுக்க வேண்டுமாம். ஹஜ் பெருநாள் வருகிற நேரம், அறை முழுக்கத் துணி. நான் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன்னுடைய கணினியை நிறுத்தி, பக்கத்து மூடியைக் கழற்றினாள். முதலில் யன்னல் கம்பியை ஒருமுறை தொட்டாள், கையில் இருக்கிற மின்சாரம் போகவாம். உள்ளே ரேம் இரண்டு இருந்தது. ஒன்றின் இரண்டு பக்கப் பூட்டையும் விரலால் அமத்த அது எழும்பி வந்தது. அதை ஒரு வெள்ளி உறையில் போட்டு என் கையில் வைத்தாள்.

எனக்குக் கை கூசியது. "உங்கட வேலை?" என்று கேட்டேன்.

"ஒண்டில ஓடும். கொஞ்சம் மெதுவா ஓடும், அவ்வளவுதான். அது யோசிக்கிற நேரத்துக்குள்ள நான் சோத்த வடிச்சிடுவன்."

நான் கும்பிடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அக்கா, இது சும்மா தாறது இல்ல. இரவல். எனக்குத் திருப்பி வேணும், சொல்லிட்டன். அரம் மட்டும் பக்கத்தில கொண்டு போகாதீங்கோ" என்றாள். என் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. தொலைபேசி இலக்கத்தை நான்தான் வலியக் கொடுத்து, அவளுடையதையும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து உறையை நீட்டினால், மனிசன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆரிட்டப் போய் இரந்தனீ?" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "இரக்கேல்ல. இரவல் வாங்கினனான். அந்தப் பிள்ளை தன்ர கொம்பியூட்டரில பூட்டியிருந்ததக் கழட்டித் தந்தது. திருப்பி வேணுமாம், கண்டிப்பாச் சொல்லிப்போட்டுது. விருப்பமில்லாட்டி இப்பவே கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப அந்தப் பிள்ளை இப்ப எதில வேலை செய்யும்?"

"மிச்சம் ஒண்டு இருக்கு. அதில மெதுவாச் செய்யுமாம். பெருநாள் உடுப்பு வேலை."

அவர் எழும்பி உட்கார்ந்தார். கால் போன நாளிலிருந்து அவர் இன்னொருவருடைய கஷ்டத்தைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் குசினிக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அவர் யன்னல் கம்பியைத் தொட்டார், நான் சொல்லிக் கொடுத்தபடி. ரேமைப் பிடித்து, வெட்டையும் மேட்டையும் ஒத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் அமத்தினார். டக், டக். ஒரு பலமும் தேவைப்படவில்லை. மின்சாரம் கொடுத்தோம். விசிறி சுற்றியது. திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நின்றது, எனக்குத் தெரிந்த மாதா மன்றாட்டு எல்லாம் மனதுக்குள் ஓடியது. பிறகு எழுத்து வந்தது. மனிசன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

ஆனால் புது ரேம் வரும்வரை அவர் ஆறுதலாக இருக்கவில்லை. "அந்தப் பிள்ளையின்ர வேலை நிக்கும்" என்று என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார். சித்தியின் மகனுக்குத் தானே தொலைபேசி எடுத்தார். என்ன வகை, என்ன வேகம், இந்த போர்ட் எவ்வளவு பெரிய ரேமை ஏற்கும் என்று எல்லாம் ஒத்துப் பார்த்து, ரேமின் படத்தை அனுப்பச் சொல்லி, வெட்டு இருக்கிற இடத்தைக்கூடப் பார்த்த பிறகுதான் சரி என்றார். அது பஸ்ஸில் வந்தது. போட்டார், ஓடியது.

நான் இரவல் ரேமை உறைக்குள் போட்டுக்கொண்டு, தாராபுரம் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சேலை மாற்றினேன்.

"நில்லு. நானும் வாறன்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அலுமாரியைத் திறந்துகொண்டிருந்தார். துணிகளுக்குப் பின்னால் கிடந்த செயற்கைக் காலை வெளியே எடுத்து, தூசு துடைத்து, கட்டிலில் உட்கார்ந்து போடத் தொடங்கினார். "இரவல் வாங்கினது நான்தானே. நான்தான் குடுக்கவேணும்" என்றார், என்னைப் பார்க்காமல். ஒன்றும் சொல்லாதே, ஒன்றும் கேட்காதே என்று என் வாய்க்கு நானே கட்டளை போட்டேன். என் வாழ்க்கையில் என் வாய் எனக்கு அடங்கிய மிகச் சில நேரங்களில் அது ஒன்று.

படலையடியில் ஒரு கணம் நின்றார். சேர்ட் பொக்கற்றில் இருந்த உறையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தாண்டினார்.

தாராபுரத்தில் அந்தப் பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் தன் கையாலேயே ரேமைப் பூட்டிக் கொடுக்கிறேன் என்றார். டக், டக். "அண்ணன் அரம் கொண்டரேல்லையே?" என்று அவள் கேட்க, அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது கொஞ்சம் தடுமாறினார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவருடைய காலைக் காணாதது போல வேறு பக்கம் பார்ப்பார்கள். அவள் நேராகவே கேட்டாள். "கால் கடிக்குதா அண்ணன்?"

"ஓம், கடிக்குது."

"அளவு மாறியிருக்கும். பொருந்தாட்டித் திரும்பப் போய்க் காட்டுங்கோ, சரிப்படுத்தித் தருவாங்க. கடிக்கக் கடிக்கப் போடாதீங்கோ."

இதையே நான் எத்தனை தரம் சொல்லிச் சண்டை பிடித்திருப்பேன்! அவர் அவளுக்கு நல்ல பிள்ளை போலத் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தையும் சந்தோஷத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதமே போய்க் காட்டினோம், அளவெடுத்துத் திருத்தித் தந்தார்கள். இப்போது நன்றாகவே நடக்கிறார்.

அன்றைக்குத் தாராபுரத்தில் இருந்து திரும்பி வரும்போது ஓட்டோக்காரரிடம் மீன் சந்தைக்கு விடச் சொன்னார். இறங்கி, நொண்டி நொண்டி, மீன் குவியல்களுக்கு நடுவே நடந்தார். அவரோடு ஒரே வள்ளத்தில் போய்வந்த ஒருவர் கையில் பிடித்திருந்த பாரை மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். "டேய்! எப்ப வந்தனீ?" என்று கத்தினார், வெளிநாட்டில் இருந்து வந்தவரைக் கேட்பது போல.

என் மனிசன் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இப்பதான்ரா வாறன்."

எத்தனையோ பேர் அன்போடு கொண்டுவந்து தந்ததெல்லாம் என் மனிசனை வீட்டுக்குள்ளேயே இருத்தியது, முகம் தெரியாத ஒரு பிள்ளை தன்னுடையதில் பாதியைக் கழற்றி "எனக்குத் திருப்பி வேணும்" என்று சொல்லித் தந்த அந்தச் சின்னத் துண்டு மட்டும்தான் அவரைப் படலைக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தது என்பதை நினைத்து, இன்றைக்கும் நான் யாருக்கும் ஒன்று கொடுக்கும்போது, அவர்கள் நிமிர்ந்து வந்து திருப்பித் தர ஒரு வழி வைத்துத்தான் கொடுக்கிறேன்.